பங்குச்சந்தை மட்டும்தான் ஃபைனான்ஸா?

செஞ்சியில் ‘ஃபைனான்ஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கடைத்தெருவில் நின்று கேட்டால் ஃபைனான்ஸ் என்பது அடகுக் கடை, வண்டிக் கடன், மகளிர் குழுவில் வாராவாரம் வந்து உட்காரும் பையன், தவணை தவறினால் வாசலில் வந்து நிற்கும் ஆள். ‘ஃபைனான்ஸ்காரர் வந்துட்டாரு’ என்றால் வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் தணிந்துவிடும். அதே தெருவிலிருந்து காலையில் பஸ் பிடித்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் கல்லூரி போகிற பி.பி.ஏ., பி.காம். பிள்ளைகளைக் கேட்டால் ஃபைனான்ஸ் என்பது பங்குச்சந்தை. கைப்பேசித் திரையில் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் கோடு. இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடம் குறித்துக் கொடுக்கச் சொல்லும்போதுதான் இந்தப் பிளவு வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் முதலீட்டு மேலாண்மை, பங்கு ஆய்வு, டெரிவேட்டிவ்ஸ். மறுபக்கம் நடைமுறை மூலதனம், கிராமப்புற வங்கியியல், வேளாண் கடன், நுண்கடன். தாள்களின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை மட்டும் எங்கேயும் மாறுவதில்லை: ‘சந்தைத் தாளை எடு. மற்றது பழைய பாடம், பட்டிக்காட்டுப் பாடம். அதைப் படித்தால் கலெக்‌ஷன் பையனாகத்தான் போகணும்.’ சீனியர் இதைச் சொல்கிறார், யூடியூப் சொல்கிறது, சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா சொல்கிறார். சில ஆசிரியர்களும் சொல்கிறார்கள்.

வங்கிக் கிளைகளில் கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். இந்த அறிவுரை தவறு. செஞ்சி மாதிரி ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தீங்கும் செய்கிறது. எதிர்த்தரப்பின் வாதங்களை அவர்கள் சொல்கிற பலத்தோடே எடுத்துக்கொண்டு மறுக்கப் பார்க்கிறேன்.

அவர்கள் சொல்வதில் முக்கியமானது இது: நாடு மாறிவிட்டது, சேமிப்பு சந்தைக்குள் வருகிறது, அதைப் புரிந்துகொண்டவனுக்கே எதிர்காலம். சேமிப்பு சந்தைக்குள் வருவது உண்மை. எந்த வழியாக, யார் வருகிறார்கள் என்பதை, சந்தையைக் கண்காணிக்கும் செபியே எண்ணிச் சொல்லியிருக்கிறது. 2024 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் டெரிவேட்டிவ்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். போன பணம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். முப்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆனது. வர்த்தகம் செய்தவர்களில் 72 சதவீதத்துக்கும் மேல் முதல் முப்பது நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள். நான்கில் மூன்று பேருக்கு ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குள். அடுத்த ஆண்டும் நிலைமை திருந்தவில்லை: 2024-25இல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது.

‘அதனால்தானே அந்தத் தாளைப் படிக்கணும், படித்தால் ஏமாற மாட்டான்’ என்று பதில் வரும். இதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் டெரிவேட்டிவ்ஸ் தாளில் இருப்பது ஆப்ஷனுக்கு விலை போடும் சூத்திரமும், லாப நஷ்ட வரைபடமும், ஒப்பந்த வகைகளின் பெயர்களும்தான். எந்தப் பணத்தைக் கொண்டு சந்தைக்குப் போகிறாய், அது அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த பணமா, அதன் வட்டி எவ்வளவு, அந்த வட்டியைத் தாண்டி நீ சம்பாதிக்க முடியுமா என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. அது கடன் தாளில் இருக்கிறது. நஷ்டப்பட்ட எத்தனையோ பையன்களுக்கு சூத்திரம் தெரிந்தே இருந்தது, போட்ட பணத்துக்கு என்ன விலை என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

இன்னொரு பதிலும் கேட்டிருக்கிறேன். டெரிவேட்டிவ்ஸ் விவசாயிக்கு உதவும், அறுவடைக்கு முன்பே விலையைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் விளைவது நெல். பாசுமதி அல்லாத நெல்லின் முன்பேர வர்த்தகத்தை 2021 டிசம்பரில் செபி நிறுத்திவைத்தது. பிறகு அந்தத் தடையைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. நம் ஊர் விவசாயிக்கு உதவும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் கருவி, அவர் கைக்கெட்டும் இடத்தில் இல்லை.

சரி, அவர் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? அறுவடைக் காலத்தில் ஒரு நாள் காலை செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்பே டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டியிருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மூட்டை நெல் இறங்கும். மல்லாட்டை (நிலக்கடலை) சீசனில் மல்லாட்டை, தை மாசிக்கு உளுந்து. வியாபாரிகள் குவியல் குவியலாகப் பார்த்து, கையில் அள்ளி, கடித்துப் பார்த்து, விலைச் சீட்டு எழுதிப் போடுவார்கள். மறைமுக ஏலம். நிதி மேலாண்மையின் எல்லா அத்தியாயங்களும் அந்தக் களத்தில் பரப்பிக் கிடக்கின்றன.

கணக்குக்காக ஓர் அரிசி ஆலைக்காரரை வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு லட்ச ரூபாய்க்கு நெல் எடுக்கிறார். உலர்த்தி, அவித்து, அரைத்து மூட்டை போட்டு லாரி ஏற்றப் பதினைந்து நாள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் மொத்தக் கடைக்காரர் பணம் அனுப்ப முப்பது நாள். ஆக, இன்று கொடுத்த ரூபாய் திரும்பி வர நாற்பத்தைந்து நாள். தினமும் இரண்டு லட்சம் என்றால் எந்த நேரமும் 90 லட்ச ரூபாய் நெல்லாக, அரிசியாக, கடைக்காரர் நோட்டில் பாக்கியாக நடுவழியில் நிற்கிறது. அதற்கு வங்கியில் 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். பாக்கி வசூலில் பத்து நாளைக் குறைத்தால் 20 லட்சம் விடுபடும், வட்டியில் 2 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம். இதைச் செய்து தரத் தெரிந்த ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்க அந்த ஆலைக்காரர் தயங்க மாட்டார்.

இதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. விவசாயிக்கு ஐந்து நாள் தள்ளிப் பணம் கொடுத்தால் ஆலைக்காரருக்கு 10 லட்ச ரூபாய் வட்டியில்லாமல் கிடைக்கிறது. புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘கொடுபட வேண்டியவை’. ஆண்டுக்கு அது 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வட்டிக்குச் சமம். அந்த வட்டியைக் கொடுப்பவர் யார்? உரக்கடையில் பாக்கி வைத்து, ‘நூத்துக்கு ரெண்டு’ என்று மாத வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு, கைமாற்று வாங்கி நாற்று நட்டவர். 24 சதவீதத்துக்கு வாங்கியவர், 12 சதவீதத்துக்கு வாங்கக்கூடியவருக்குச் சும்மா கடன் கொடுக்கிறார். ‘மூட்டை போட்டு வாரம் ஆச்சு, இன்னும் பணம் வரல’ என்று விற்பனைக்கூட வாசலில் விவசாயி சத்தம் போடுவதன் உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான். இதை எண்களாக எழுதிக் காட்டத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் அந்தச் சத்தத்துக்கு வேறு பலம் வந்திருக்கும். அப்படி எழுதக் கற்றுத்தரும் தாளைத்தான் பட்டிக்காட்டுப் பாடம் என்கிறார்கள்.

பொருளீட்டுக் கடனும் அந்தக் களத்திலேயே இருக்கிறது. மூட்டைகளை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்து, அவற்றின் மதிப்பில் ஒரு பங்கைக் கடனாகப் பெற்று, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். ஐம்பது மூட்டை, மூட்டை 1,600 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 80,000. அதில் 60,000 கடன், ஆண்டு வட்டி 5 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 750 ரூபாய். மூட்டைக்கு 15 ரூபாய் விலை ஏறினாலே வட்டி அடைந்துவிடும், கிடங்குச் செலவு தனி. அப்படியும் பெரும்பாலானவர்கள் இறக்கிய அன்றே விற்றுவிட்டுப் போகிறார்கள். கைமாற்றுக் கொடுத்தவர் களத்து மேட்டிலேயே காத்திருப்பதும், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட ஆள் இல்லாததும் அதற்குக் காரணங்கள். பங்கை வைத்திருப்பதா விற்பதா என்று வகுப்பில் அலசும் பையன், அப்பாவின் ஐம்பது மூட்டையை வைத்திருப்பதா விற்பதா என்று ஒருநாளும் அலசியதில்லை. இரண்டும் ஒரே கேள்வி.

கையில் தானியமோ ரொக்கமோ தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டு நின்றது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பெரிய களஞ்சியங்கள் தானியக் கையிருப்பின் அருமை தெரிந்தவர்கள் கட்டியவை. வெளியே நின்ற ஜுல்ஃபிகர் கானின் படைக்கு வரும் தானியத்தை மராத்தியர் வழிமறித்தபோது முற்றுகையே தளர்ந்து, அவர் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டி வந்தது. அதே 1690இல்தான் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பிற்பாடு புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்றது அதுதான். போருக்குப் பணம் தேவைப்பட்ட அரசு ஒன்று, பணம் வைத்திருந்த வியாபாரக் கம்பெனிக்குக் கடற்கரைக் கோட்டையை விற்றது. பின்னால் நடந்தவை நமக்குத் தெரியும்.

‘பழைய பாடம்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பழையதா? நுண்கடனுக்கு 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி புது விதி போட்டது: ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம், எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை கட்டும் நிலை வரக்கூடாது. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளைத் தாண்டியும் பணம் கொடுக்காமல் ஆண்டைக் கடத்தினால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. விற்றவர் அரிசி ஆலைக்காரர் என்றால் இது பொருந்தும், வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரி என்றால் பொருந்தாது. அந்த வித்தியாசம் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்? 2025இல் நகைக்கடனுக்கான வரம்பை ரிசர்வ் வங்கி மாற்றி, இரண்டரை லட்சம் வரையிலான சிறு கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க அதே ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. நான்கே ஆண்டுகளில் இத்தனை மாற்றம் கண்ட துறைக்குப் பழையது என்று பெயர் வைத்தவர்கள் அதன் பக்கம் எட்டிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் நிதித் தொழில் எங்கிருந்து வளர்ந்தது என்றும் பார்க்கச் சொல்கிறேன். 1954இல் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் லாரிக்கும் பஸ்ஸுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. 1974இல் ஆர். தியாகராஜன் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம், வங்கிகள் கிட்டே சேர்க்காத பழைய லாரி ஓட்டுநர்களுக்குக் கடன் கொடுத்தது. முருகப்பா குழுமத்தின் சோழமண்டலம் 1978. நுண்கடனில் 2007இல் தொடங்கி 2016இல் வங்கியாக மாறிய ஈக்விடாஸ். இவர்கள் எல்லோரும் சந்தைக் கோட்டைப் பார்த்துப் பெரியவர்கள் ஆனவர்களில்லை. கடன் கேட்டு வந்தவரின் தொழிலைப் படிக்கத் தெரிந்தவர்கள். ஒரு பழைய லாரி மாதம் எத்தனை நடை போகும், டீசலும் டயரும் போக எவ்வளவு மிஞ்சும், எந்த மாதம் சரக்கு கிடைக்காது என்பதே அவர்களுடைய பங்கு ஆய்வு.

எதிர் உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. சென்னை மக்களின் வைப்புத் தொகையை நம்பி நடந்த அந்த நிறுவனம் விழுந்ததற்கு முக்கியக் காரணம், லண்டன் பங்குதாரரின் ஊக வியாபாரம். அந்த இடிபாட்டிலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முன்னின்று எழுப்பியதுதான் 1907 ஆகஸ்ட் 15இல் திறந்த இந்தியன் வங்கி. அதற்கும் முன்னால், ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை சென்னை மாகாண அரசு விவசாயக் கடன் வங்கிகளைப் பற்றி ஆராயச் சொன்னது. 1895லும் 1897லும் அவர் கொடுத்த அறிக்கைகளின் தொடர்ச்சியாக வந்ததே 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். திருவள்ளூர் அருகே திரூரில் அந்த ஆண்டே சங்கம் பிறந்தது. நம் தென்னாற்காட்டுக்கு இந்தக் கடன் வரலாற்றில் தனி உரிமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மண்ணின் மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் போனது, அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. அந்த வியாபாரம் முழுக்க முன்பணத்தில் நடந்தது: ஏற்றுமதிக்காரர் தரகருக்கு, தரகர் விவசாயிக்கு. பிரான்சு நாட்டுச் சோப்புத் தொழிலின் நடைமுறை மூலதனம் நம் கொல்லைமேட்டில் இறங்கியிருந்தது. இதைவிட உலகளாவிய ஃபைனான்ஸ் வேண்டும் என்கிறவருக்கு நான் என்ன காட்ட?

மோசடி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வடமாவட்டங்கள் அதில் நிறைய இழந்திருக்கின்றன. 2022இல் வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா நிதி நிறுவன வழக்கில், சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொல்கிறது. லட்ச ரூபாய்க்கு மாதம் 25,000 முதல் 30,000 வரை தருவதாகச் சொன்னார்களாம். பணம் போட்டவர்களில் படித்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்டது ‘எனக்கு எவ்வளவு வரும்’ என்று. கடன் மேசையில் உட்கார்ந்தவன் முதலில் கேட்பது வேறு: ‘இந்தப் பணத்தை வாங்குகிறவர் இதை எங்கே போட்டு, என்ன தொழில் செய்து, மாதம் முப்பதாயிரம் சம்பாதிப்பார்?’ ஆலைக்காரரின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தானாக வரும். வருடத்துக்கு 12 சதவீத வட்டியையே அவர் எவ்வளவு பாடுபட்டுக் கட்டுகிறார் என்று தெரிந்தவளிடம், மாதம் 30 சதவீதம் என்று யாரும் வாய் திறக்க முடியாது.

வேலை? அதுதானே கடைசியில் எல்லோரும் கேட்பது. சந்தைத் தாள் படித்தால் முதலீட்டு வங்கியில் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. ஓ.எம்.ஆர். சாலையில் பன்னாட்டு வங்கிகளின் பின்னணி அலுவலகங்கள் நம் பி.காம். பிள்ளைகளை எடுப்பது உண்மை, நல்ல விஷயம். அங்கே அவர்கள் செய்வது கணக்கு ஒத்துப்பார்த்தல், வாடிக்கையாளர் ஆவணச் சரிபார்ப்பு, விலைப்பட்டியல் பதிவு. அதற்கு வேண்டியது எக்செல், சுத்தமான கணக்கியல், கொஞ்சம் ஆங்கிலம். ஆப்ஷன் சூத்திரத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. அதற்கு மேலும் சந்தைத் துறைக்குத்தான் போவேன் என்கிற பிள்ளைக்கு வாசல் திறந்தே இருக்கிறது: செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு ஒன்று, பங்கு டெரிவேட்டிவ்ஸுக்கு ஒன்று. எந்தக் கல்லூரியில் எந்த விருப்பப் பாடம் எடுத்தாலும் எழுதலாம். பாடநூலை வைத்துத் தனியாகப் படித்தே தேறலாம், அந்த வேலைக்கு நிறுவனங்கள் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான்.

கடன் படிப்பு அப்படித் தனியாக வராது. ஒரு மளிகைக் கடையின் மூன்று நோட்டைப் பார்த்து, எழுதாத நான்காவது நோட்டு ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆசிரியர் பக்கத்தில் வேண்டும், கடை எதிரில் வேண்டும். விருப்பப் பாடத்துக்கென்று கல்லூரி தரும் இரண்டே இரண்டு இடங்களில் ஒன்றை, வெளியே தேர்வெழுதி வாங்கக்கூடியதற்குக் கொடுத்துவிட்டு, வெளியே எங்கும் கிடைக்காததைத் தவறவிடச் சொல்கிறார்கள்.

இங்கே எதிர்த்தரப்பின் உண்மையான பலம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிராமப்புற வங்கியியல் தாள் பல இடங்களில் மிக மோசமாக நடத்தப்படுகிறது. நபார்டு தொடங்கிய ஆண்டு 1982, முன்னோடி வங்கித் திட்டம் 1969, வட்டார ஊரக வங்கி 1975 என்று இரண்டு மதிப்பெண் கேள்விகளாக மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுகிறார்கள். கிசான் கடன் அட்டையின் பண்புகள் ஐந்து. அந்த அட்டை வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும், பிள்ளை எடுத்துப் பார்த்திருக்க மாட்டாள். மூன்று லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும், கெடு தவறினால் அந்தச் சலுகை போகும் என்பது அப்பாவுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. இப்படி நடத்தினால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். பல கல்லூரிகளில் விருப்பப் பாடம் என்று சொல்லிவிட்டு, எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தத் தாளை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுப் போராடுவது பிள்ளைகளின் உரிமை. ஆனால் ஒரு தாளை மோசமாக நடத்துகிறார்கள் என்பது அந்த அறிவு மட்டம் என்பதற்குச் சாட்சியாகாது. விற்பனைக்கூடம், கூட்டுறவுச் சங்கம், ஆலை, மகளிர் குழுக் கூட்டம் என்று பருவத்துக்கு நாலு காலைப் பொழுது கூட்டிப் போனால் போதும், செலவு பஸ் டிக்கெட்.

இன்னொரு காரணம் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடன் நம் வீட்டு விஷயம், வெட்கமான விஷயம். தண்டல்காரர் வரும் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த வீட்டுப் பிள்ளை, கல்லூரியிலும் அதையே படிக்க விரும்ப மாட்டாள். பங்குச்சந்தை அவளுக்குத் தப்பித்துப் போகும் வழியாகத் தெரிகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வெட்கத்தைப் பாடத்தின் மேல் ஏற்றி, ‘அது கீழான படிப்பு’ என்று பெரியவர்கள் உறுதிப்படுத்துவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன ஆனியில் என் உறவில் ஒரு பெண், மூன்றாம் ஆண்டு பி.பி.ஏ., படிவத்தோடு வந்தாள். “சந்தைத் தாள் எடுக்கட்டுமா மாமா? எல்லாரும் அதான் எடுக்கறாங்க.” அவள் அம்மா பஸ் நிலையத்துப் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். நான் தாளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அம்மாவின் தண்டல் அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். பத்தாயிரம் தண்டல்: கையில் கொடுத்தது 8,500, தினம் நூறு ரூபாய், நூறு நாள். எவ்வளவு வட்டி என்றேன். “பதினஞ்சு பர்சன்ட்” என்றாள் உடனே. அம்மாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். 2003ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பது இருவருக்குமே தெரியாது.

முதல் நாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறாளே, அந்த 8,500 நூறு நாளும் அவள் கையில் இருந்ததா என்று கேட்டேன். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் லேப்டாப்பை இழுத்து எக்செல் திறந்தாள். முதல் ஆண்டில் படித்த தள்ளுபடிக் கணக்கு அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. நாளுக்கு 0.33 சதவீதம் என்று வந்தது. வட்டிக்கு வட்டி சேர்க்காமல் பார்த்தாலே ஆண்டுக்கு 120 சதவீதம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அறுபத்திரண்டு நாள் கட்டியாகிவிட்டது, இன்னும் முப்பத்தெட்டுக் கட்டம் காலி. “மீதி 3,800-ஐ இன்னைக்கே மொத்தமா கட்டினா அவங்க எவ்ளோ குறைச்சிக்கணும் மாமா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் அவளே போட ஆரம்பித்தாள். 235 ரூபாய் வந்தது. அட்டையின் பின்பக்கம் பேனாவால் 235 என்று எழுதி, வட்டம் போட்டு, தண்டல்காரர் வரும் நேரம் என்ன என்று அம்மாவிடம் கேட்கப் போனாள். படிவம் மேசையிலேயே கிடந்தது.